இரவல் கதிரைகள்

நியூ லின், ஒக்லாந்து
16.02.1986

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

இந்த வருடம் உங்களுக்கு எழுதும் கடிதங்களில் நடந்ததை நடந்தபடியே எழுதப் போகிறேன். கூட்டவும் மாட்டேன், குறைக்கவும் மாட்டேன். எங்கள் சரித்திர ரீச்சர் ஒரு வேலை தந்திருக்கிறா. வேறு நாட்டிலிருந்து வந்து எங்கள் தெருவில் இருக்கும் ஒருவரைப் பற்றி வருடம் முழுக்க விசாரித்து எழுத வேண்டும். அதைக் கேட்டதும், நாங்கள் புறப்பட்ட அன்று நீங்கள் சொன்னது ஞாபகம் வந்தது. "பொய் எழுதுறது நாடகக்காரன்ரை வேலை. நீ கடிதத்தில உண்மையை எழுது பிள்ளை."

இங்கே நாங்கள் மூவரும் சுகம். பத்மாவதி மாமியின் கை வீக்கம் வற்றிவிட்டதா? உங்கள் இருமல் எப்படி?

பக்கத்து வீட்டில் மிஸ்டர் பிரெண்டல் என்ற வயதான ஜெர்மன்காரர் இருக்கிறார். அவர் வீட்டிலிருந்து பின்னேரங்களில் சத்தம் வரும். ஒரு ஆண் ஏசுவார், ஒரு பெண் அழுவா, இன்னொருவர் சிரிப்பார். ஆனால் காலையில் அவருடைய வாசலில் ஒரேயொரு பால் போத்தல்தான் இருக்கும். இத்தனை பேரும் பால் குடிப்பதில்லையா என்று நான் யோசிப்பேன்.

போன சனிக்கிழமை அவர் எங்கள் கதவைத் தட்டி, கொஞ்ச நாளுக்குச் சில கதிரைகள் இரவல் தருவீர்களா என்று கேட்டார். அப்பா சாப்பாட்டு மேசையடியிலிருந்து மூன்று கதிரைகள் கொடுத்தார். கதவைச் சாத்தியதும் அம்மா நெஞ்சில் கை வைத்தா.

"ஐயோ பாவம், செத்தவீடு."

"ஆர் செத்தது?" என்றார் அப்பா.

"பக்கத்து வீட்டில கதிரை இரவல் கேக்கிறது வேறை என்னத்துக்கு? பாவம், வாய் திறந்து சொல்லவும் ஏலாமல் நிண்டவர். இண்டைக்கு அங்கை அடுப்பு எரியாது."

அம்மா பூப்போட்ட சேலையை மாற்றி வெள்ளைச் சேலை கட்டினா. பாணும் பருப்பும் சம்பலும் எடுத்துக்கொண்டா. அப்பா தேத்தண்ணிப் போத்தல் தூக்கினார். நாங்கள் குனிந்த தலையோடு போனோம். அவருடைய குசினியில் மேசையைச் சுவரோரம் தள்ளிவிட்டு, கதிரைகளை அரைவட்டமாகப் போட்டிருந்தார். ஒருவருமில்லை. அப்பா மெதுவாக இங்கிலீஷில், "யார் காலமானது?" என்று கேட்டார்.

"ஒருவரும் காலமாகவில்லை. நான் நாடகம் எழுதுகிறேன். என்னுடைய கதிரைகள் போதவில்லை." பிறகு பாத்திரத்தைப் பார்த்து, "ஆனால் அதைத் திருப்பிக் கொண்டுபோக வேண்டாம்" என்றார்.

அப்பா வீட்டுக்கு வந்து கட்டிலில் விழுந்து சிரித்தார். அம்மா இன்னும் அப்பாவோடு சரியாகக் கதைக்கவில்லை. நான் எழுத வேண்டிய ஆள் கிடைத்துவிட்டார்.

உங்களுடைய விசா விண்ணப்பம் எல்லாம் கொடுத்தாயிற்று என்று அப்பா சொல்லச் சொன்னார்.

அன்பு மகள்,
சுகிர்தா


யாழ்ப்பாணம்
20.03.1986

அன்பு மகள் சுகிர்தாவுக்கு,

உன் கடிதம் பிரித்து மறுபடி ஒட்டப்பட்டு வந்து சேர்ந்தது. வழியில் யாரோ எனக்கு முன்பே சிரித்திருப்பார்கள். உன் மாமி, என் அக்கா, கை சுகம் என்கிறா. என் இருமல் என்னை விட்டுப் போக மறுக்கிறது, நான் ஊரை விட்டுப் போக மறுப்பதுபோல.

வெள்ளைச் சேலையோடு உன் அம்மா நின்றதை மாமிக்கு நடித்துக் காட்டினேன். மாமிக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. நல்ல காட்சி. என்னிடம் கேட்டால் அந்தத் தேத்தண்ணிப் போத்தலை உன் அப்பா கீழே போட்டிருக்க வேண்டும்.

நாங்கள் "பங்குக் கிணறு" ஒத்திகை பார்க்கிறோம். ஒரு கிணறு, ஐந்து சகோதரர்கள், யார் எப்போது தண்ணீர் இறைப்பது என்ற சண்டை. கடைசித் தம்பியாக வருகிற குணரத்தினம் ஒருநாளும் நேரத்துக்கு வருவதில்லை. சைக்கிளுக்குக் காற்றுப் போனது என்பான், சங்கிலி கழன்றது என்பான். அவன் வாசலில் தலை காட்டினாலே மற்றவர்கள் வசனத்தை விட்டுச் சிரிக்கிறார்கள். பின்னேரம் இருட்டமுன் எல்லோரும் வீடு போகவேண்டியிருப்பதால் ஒத்திகை அரைவாசியில் நின்றுவிடுகிறது.

உன் ஜெர்மன்காரருக்குக் கதிரை எதற்கு? கேட்டு எழுது. விசாவைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன் என்று அப்பாவிடம் சொல்.

உன் சித்தப்பா,
சோதிலிங்கம்


நியூ லின்
13.04.1986

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

முதலில் நல்ல செய்தி. உங்களுக்கு அனுமதி கிடைத்துவிட்டது! அப்பா கடிதத்தைத் தூக்கிக்கொண்டு சந்தி டெயறிக் கடை வரைக்கும் ஓடி, கடைக்கார ஹரி பிரசாத் அங்கிளுக்கும் காட்டினார். அவர் பிஜிக்காரர். அவருடைய பூட்டன் வேலூர்ப் பக்கமாம். "ஆமா, தம்பி வரட்டும், வேலை நான் பார்த்துத் தரேன்" என்றார். ஒக்டோபர் முடிவதற்குள் நீங்கள் இங்கே வந்து இறங்க வேண்டும். தவறினால் அனுமதி செல்லாது. மாமிக்கும் பிறகு விண்ணப்பிக்கலாம். அம்மா உங்களுக்கென்று கம்பளிச் சட்டை பின்னத் தொடங்கிவிட்டா. எல்லோரும் சுகம்.

இனிக் கதிரைகள். நான் கொப்பியோடு போய்க் கேட்டேன். மிஸ்டர் பிரெண்டல் ப்ரெஸ்லாவ் என்ற நகரத்தில் நாடகம் எழுதியவர். பழைய குதிரை லாயம் ஒன்றை அரங்காக்கி, ஒரு குழு வைத்து நடத்தினார். ஆட்சிக்கு வந்தவர்களைக் கேலி செய்து எழுதியதால் புத்தகங்களை எரித்தார்கள். அவரும் மனைவியும் கப்பலேறி இங்கே வந்தார்கள். இப்போது அந்த நகரத்துக்கு வேறு பெயர், அது வேறு நாட்டில் இருக்கிறது. "திரும்பிப் போனாலும் நான் போகவேண்டிய ஊர் அங்கே இல்லை" என்றார்.

யுத்தகாலத்தில் இங்கே ஜெர்மன்காரர் என்றால் சந்தேகமாம். வெளியூர் போகப் பொலிசில் அனுமதி எடுக்க வேண்டும். தெருவில் அந்த மொழியில் வாய் திறக்கமுடியாது. இங்கேயுள்ள ஒரு கோப்பை செய்யும் தொழிற்சாலையில், ஓய்வு பெறும்வரை கோப்பைகளுக்குக் கைபிடி ஒட்டினார்.

அவரால் ஆளைத் தெரியாமல் ஒரு வசனமும் எழுதமுடியாதாம். தன் குழுவிலிருந்தவர்களுக்கு மட்டும்தான் எழுதுவாராம். அதனால் ஒவ்வொருவருக்கும் ஒரு கதிரை. ஒவ்வொன்றாக மாறி உட்கார்ந்து அவர்களுடைய குரலில் பேசிப் பார்த்துவிட்டு எழுதுகிறார். அழுகிற குரல் லோட்டே என்ற நடிகையுடையது. எங்களுடைய பச்சைக் கதிரை புரூனோவுக்கு. அவர் பகிடிக்காரராம், எல்லோரையும் சிரிக்கவைப்பாராம், எப்போதும் பிந்தித்தான் வருவாராம். அதனால் அதைக் கதவோரம் போட்டிருக்கிறார்.

"அவர்கள் இப்போது எங்கே?" என்று கேட்டேன். கேத்தில் கொதிக்கிறது என்று எழுந்து போனார். கேத்திலை அவர் அடுப்பில் வைத்திருக்கவேயில்லை.

எப்போது புறப்படுகிறீர்கள்?

அன்பு மகள்,
சுகிர்தா


யாழ்ப்பாணம்
25.05.1986

அன்பு மகளுக்கு,

சுகம். எங்கள் மண்டபத்தில் நாடகம் போடவேண்டாம் என்று வந்து சொல்லிவிட்டுப் போனார்கள். யார் என்று எழுதமாட்டேன். ஒரு நாள் ஒரு பகுதியார், மறுநாள் மற்றப் பகுதியார். இரு பகுதிக்கும் பிடிக்காத நாடகம் எழுதுவது இலேசான காரியமா? இப்போது மாமியின் மாட்டுக்கொட்டிலில் ஒத்திகை. மாடு பொறுமையாகப் பார்க்கிறது.

பிள்ளை, உன் அப்பா மாதம் இரண்டு கடிதம் போடுகிறார், "வா, வா" என்று. உன்னிடம் மட்டும் சொல்கிறேன். எனக்குப் பயம் சாவதற்கு அல்ல. இங்கே நான் ஒரு வசனம் எழுதினால் பின்னேரமே அதைச் சொல்ல ஒருவன் இருக்கிறான், கேட்டுச் சிரிக்க நூறு பேர் மண்ணில் உட்கார்ந்திருக்கிறார்கள். அங்கே வந்து நானும் கோப்பைக்குக் கைபிடி ஒட்டலாம். கை வேலைக்கு நான் வெட்கப்படவில்லை. பிறகு யாருக்கு எழுதுவேன்?

ஆகவே உன் மிஸ்டர் பிரெண்டலிடம் எனக்காக ஒன்று கேள். வந்து இத்தனை காலத்தில் அவருடைய நாடகத்தை யார் பார்த்தார்கள்? அவர் சொல்வதை உள்ளபடி எழுது. அதைப் பார்த்துத்தான் நான் முடிவு செய்யப் போகிறேன்.

உன் சித்தப்பா,
சோதிலிங்கம்


நியூ லின்
15.06.1986

அன்புள்ள தம்பிக்கு,

இறைவன் துணையால் யாவரும் நலம். சுகிர்தாவிடம் நீ கேட்ட விஷயத்துக்கு நானே பதில் எழுதுகிறேன். எங்கள் பக்கத்து வீட்டு ஜெர்மன்காரர் இங்கே மிகப் பிரபலமானவர். அவருடைய நாடகங்கள் பெரிய மண்டபங்களில் நடக்கின்றன. பத்திரிகைகளில் படம் வருகிறது. நாடகக்காரருக்கு இந்த நாட்டில் நல்ல மதிப்பு. ஆகவே யோசிக்காமல் புறப்படவும். விமான ரிக்கற்றுக்கு ஒழுங்கு செய்துவிட்டேன்.

அண்ணன்,
இரத்தினசிங்கம்


நியூ லின்
15.06.1986

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

அப்பாவின் கடிதமும் இதே உறையில்தான் இருக்கிறது. அப்பா என்ன எழுதினார் என்று எனக்குத் தெரியும். அதையே என்னையும் எழுதச் சொன்னார்.

"அப்பா, நான் உண்மை எழுதுறன் எண்டு சொல்லிப்போட்டன்" என்றேன்.

"உன்ரை உண்மையைக் கேட்டு அவன் அங்கை இருந்து ஏதும் நடந்தால்? பிறகு ஆருக்கு உண்மை சொல்லப்போறாய்?" என்று அப்பா சத்தம் போட்டார். அப்பா என்னிடம் சத்தம் போடுவதில்லை. நான் அழுதேன். அதன்பிறகு, "எழுது, எழுது. ரெண்டையும் அனுப்புவம்" என்று சொல்லிவிட்டுத் தோட்டத்துக்குப் போய்விட்டார். மழையில் நின்றார்.

ஆகவே உள்ளபடி எழுதுகிறேன்.

உங்கள் கேள்வியைக் கேட்டதும் மிஸ்டர் பிரெண்டல் கொஞ்சமும் யோசிக்கவில்லை. "ஒருவரும் பார்க்கவில்லை" என்றார். கப்பலேறிய பிறகு அவருடைய நாடகம் ஒன்றுகூட மேடை ஏறவில்லை. யுத்தகாலத்தில் சத்தமில்லாமல் உதடு மட்டும் அசைத்து எழுதினார். பிறகு மனைவி இந்தக் குசினியிலிருந்து பார்த்தா. அவ இறந்தபின் ஒருவருமில்லை. இப்போது வியாழக்கிழமைகளில் நான் பார்க்கிறேன். எனக்கு ஜெர்மன் தெரியாது. புரூனோவின் கதிரைக்கு அவர் போனால் மட்டும் சிரிப்பு வரும்.

"அப்படியென்றால் ஏன் எழுதுகிறீர்கள்?" என்று கேட்டேன்.

"அவர்களுக்கு வேலை கொடுக்க வேண்டாமா? நடிகர்களைச் சும்மா உட்காரவைத்தால் சண்டை பிடிப்பார்கள்." கதிரைகளைக் காட்டித்தான் சொன்னார். பகிடியாகச் சொன்னாரா என்று எனக்குத் தெரியவில்லை.

பிறகு அவரே கேட்டார். "உன் சித்தப்பாவின் குழு உயிரோடிருக்கிறதா?"

"ஓம், எல்லோரும் இருக்கிறார்கள்" என்றேன்.

அவர் கதிரைகளைத் திரும்பிப் பார்த்தார். பிறகு சொன்னார்: "எங்களுடைய கடைசி நாடகத்துக்கு அரங்கு நிறைந்துவிட்டது. நான் பெருமைப்பட்டேன். அவரிடம் நானும் ஒன்று கேட்டதாக எழுது. அங்கே நாடகம் முடிந்ததும் எல்லோரும் வீடு போய்ச் சேர்கிறார்களா?"

அவ்வளவுதான் சித்தப்பா. இதைப் படித்துவிட்டு நீங்கள் வராமல் விட்டால் அது என்னால்தான் என்று எனக்குத் தெரியும். இருந்தும் எழுதியிருக்கிறேன். சுகமாயிருங்கள். தயவுசெய்து உடனே பதில் போடுங்கள்.

சுகிர்தா


நியூ லின்
10.08.1986

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

சுகமா? பதில் வரவில்லை. கடிதம் தவறியிருக்கும் என்று அம்மா சொல்கிறா. அப்பா தபாற்காரர் வரும் நேரத்தில் மதிலடியில் புல் வெட்டுகிறார். அங்கே வெட்டப் புல் இல்லை. ரேடியோவில் இலங்கை என்ற சொல் வந்தால் எல்லோரும் சாப்பாட்டை நிறுத்துகிறோம்.

கம்பளிச் சட்டைக்கு ஒரு கைதான் மிச்சம். கை நீளம் தெரியாமல் அம்மா நிறுத்தி வைத்திருக்கிறா. மிஸ்டர் பிரெண்டல் வேலிக்கு மேலால் தினமும், "உன் ஆள் பதில் சொன்னாரா?" என்று கேட்கிறார். இரண்டு வரி போதும், சித்தப்பா. "வரமாட்டேன்" என்று எழுதினாலும் போதும்.

சுகிர்தா


யாழ்ப்பாணம்
24.08.1986

அன்பு மருமகள் சுகிர்தாவுக்கு மாமி எழுதுவது,

நான் சுகம். உன் இரண்டு கடிதமும் கிடைத்தன. சித்தப்பா பலமுறை பேனை எடுத்துவிட்டு வைத்துவிட்டான். உன்னுடைய ஆனி மாதக் கடிதம் அவன் சட்டைப் பையிலேயே கிடக்கிறது. சட்டை மாற்றினால் அதையும் மாற்றி வைக்கிறான்.

கொட்டிலில் இப்போது ஒத்திகை இல்லை. நடிக்கிற பொடியள் வருவதில்லை. குணரத்தினத்தின் தாய் அன்னபாக்கியம் மட்டும் தினமும் பின்னேரம் வந்து படலையடியில் நிற்கிறா. உள்ளே வா என்றால் வரமாட்டா. அவன் வழக்கமாக வருகிற நேரம்வரை நின்றுவிட்டுப் போகிறா. சித்தப்பா அந்த நேரத்தில் வீட்டுக்குள் இருக்கமாட்டான்.

அண்ணாவிடம் சொல், ரிக்கற்றை மாற்ற வேண்டாம் என்று. நான் அவனைச் சாப்பிடவைக்கப் பார்க்கிறேன். நீ பயப்படாதே.

மாமி,
பத்மாவதி


கொழும்பு
28.09.1986

அன்பு மகளுக்கு,

கொழும்புக்கு வந்து சேர்ந்துவிட்டேன். உடம்புக்குக் குறைவில்லை. மாமி வர மறுத்துவிட்டா. மாட்டை யார் பார்ப்பது என்கிறா. அவவை அங்கே எடுப்பிக்கும் வேலையை உன் அப்பா நான் வந்த அன்றே தொடங்க வேண்டும்.

ஒரே உறையில் வந்த இரண்டு கடிதத்தையும் படித்தேன். அண்ணாவுக்குச் சின்ன வயதிலிருந்தே பொய் சொல்ல வராது. பெரிய மண்டபம் வைத்திருக்கிற மனிதர் எதற்கு உங்களிடம் கதிரை இரவல் கேட்கிறார்? அண்ணாவின் கடிதம் மட்டும் வந்திருந்தால் நான் சிரித்துவிட்டு ஊரிலேயே இருந்திருப்பேன்.

எல்லோரும் வீடு போய்ச் சேர்கிறார்களா என்று உன் கடிதத்தில் இருந்த கேள்விக்கு, அது வந்த கிழமை என்னிடம் ஒரு பதில் இருந்தது. பெருமையாக எழுத உட்கார்ந்தேன். எழுதி முடிக்கவில்லை. அடுத்த கிழமை அந்தப் பதில் என்னிடம் இல்லை. தாமதத்துக்குக் காரணம் அவ்வளவுதான். இதற்கு மேல் கேட்காதே.

நான் கொட்டிலில் இருந்தால் மற்ற நான்கு பேரும் திரும்ப வருவார்கள். "அண்ணை, தொடங்குவமே" என்பார்கள். நானும் தொடங்கிவிடுவேன். ஆகவே புறப்பட்டுவிட்டேன்.

உன் ஜெர்மன்காரருக்குச் சொல்: பார்வையாளர் இல்லாமல் எழுதுவது எப்படி என்று கற்றுக்கொள்ள வரவில்லை. கதிரைகளைப் பார்க்க வருகிறேன்.

உன் சித்தப்பா,
சோதிலிங்கம்


நியூ லின்
30.11.1986

அன்புள்ள மாமிக்கு,

அம்மா உங்களை மிகவும் விசாரித்ததாக எழுதச் சொன்னா. உங்கள் விண்ணப்பத்தை அப்பா கொடுத்துவிட்டார். மாட்டை விற்பதற்கு ஆள் பார்க்கச் சொல்கிறார். சித்தப்பாவுக்கு இருமல் குறைவு. கம்பளிச் சட்டையின் ஒரு கை நீளம், அவர் அதை மடித்துவிட்டுக்கொள்கிறார். நேற்று நடந்ததை உங்களுக்கு உள்ளபடி எழுதுகிறேன், நீங்கள் இங்கே இல்லாதபடியால்.

சித்தப்பா வந்த மறுநாள் மிஸ்டர் பிரெண்டலிடம் கூட்டிப் போனேன். இருவரும் கை குலுக்கினார்கள். சித்தப்பா ஒவ்வொரு கதிரையாகப் பார்த்துக்கொண்டு போய், கதவோரத்துப் பச்சைக் கதிரையடியில் நின்றார். "இவர்தான் பிந்தி வருபவரா?" என்று கேட்டார். மிஸ்டர் பிரெண்டல் தலையாட்டினார். சித்தப்பா அதன் முதுகில் கை வைத்தார். அதில் உட்காரவில்லை. அதன்பின் தினமும் அங்கே போனார். அவர் ஜெர்மனில் வாசிப்பார், இவர் தமிழில் வாசிப்பார். ஒருவருக்கும் ஒன்றும் விளங்காது. ஆனால், "இந்த இடத்தில் நீளம் கூடிவிட்டது" என்று ஒருவரையொருவர் பிழை பிடிப்பார்கள்.

பிறகு "பங்குக் கிணறு" போடுவதென்று முடிவானது. நியூ லினில் ஒரு சின்ன மண்டபம் வாடகைக்கு எடுத்தோம். அப்பா மூத்த அண்ணன். ஹரி பிரசாத் அங்கிள் இரண்டாவது. அவர் தன் வசனத்தை இங்கிலீஷ் எழுத்தில் எழுதிப் பாடமாக்கினார்.

"'கதைக்கிறது' என்னப்பா? நாங்க 'பேசுறது' தான் சொல்வோம்" என்று ஒத்திகையில் சண்டை.

"யாழ்ப்பாணத்துக் கிணத்தடியில ஆர் பேசினது? கதையும் அங்கிள்!" என்றார் சித்தப்பா.

"ஆமா, கதைக்கிறேன், கதைக்கிறேன். சம்பளம் உண்டா?"

மற்ற இரு சகோதரர்களாக நடித்தவர்கள் தொலைவிலுள்ள பக்குரங்காவிலிருந்தும் மனுகாவிலிருந்தும் வேலை முடிந்து வந்தார்கள். கடைசித் தம்பிக்கு மட்டும் சித்தப்பா ஆள் தேடவில்லை. மேடையில் ஐந்து கதிரைகள். நால்வர் உட்கார்ந்திருப்பார்கள். ஐந்தாவது கதிரையைப் பார்த்து, "நீ என்ன சொல்லுறாய்?" என்று கேட்பார்கள். ஒரு வசனம் சொல்லி முடிக்கும் நேரம் காத்திருந்துவிட்டுத்தான் தொடர வேண்டும். அந்த நேரத்தைக் குறைத்தால் சித்தப்பாவுக்குக் கோபம் வரும். "அவனை முடிக்க விடுங்கோ" என்பார்.

குணரத்தினம் அண்ணாவைப் பற்றி நீங்கள் அதற்குப் பிறகு எந்தக் கடிதத்திலும் எழுதவில்லை. நானும் கேட்கவில்லை. அன்னபாக்கியம் மாமியைக் கண்டால், அவவுடைய மகனின் பகிடிகள் எல்லாம் நாடகத்தில் அப்படியே இருக்கின்றன என்று மட்டும் சொல்லுங்கள்.

நேற்றுப் பின்னேரம் எதிர்பார்த்ததைவிடக் கூட்டம். பிஜிக்காரர்கள் குடும்பம் குடும்பமாக வந்தார்கள். என்னுடைய சரித்திர ரீச்சரும் வந்தா. மண்டபத்துக் கதிரைகள் போதவில்லை. அப்போது மிஸ்டர் பிரெண்டல் தன்னுடைய பழைய கோட்டுப் போட்டுக்கொண்டு, ஒரு கைவண்டியில் எங்களுடைய மூன்று கதிரைகளையும் தள்ளிக்கொண்டு வந்தார். "இரவலைத் திருப்பித் தருகிறேன்" என்றார். இரண்டைப் பார்வையாளர்களுக்குக் கொடுத்தார். பச்சைக் கதிரையை மட்டும் அவரே மேடைக்குத் தூக்கிக்கொண்டு போய், ஐந்தாவது கதிரையை எடுத்துவிட்டு அதை அந்த இடத்தில் வைத்தார். சித்தப்பா மேடையின் மறுபக்கத்தில் நின்று பார்த்தார். பிறகு கிட்ட வந்தார். அதைக் கொஞ்சம் கதவுப் பக்கமாகத் திருப்பி வைத்தார். அவ்வளவுதான்.

மிஸ்டர் பிரெண்டல் இறங்கி வந்து முன்வரிசையில் அம்மாவுக்குப் பக்கத்தில் இருந்தார். அம்மா அந்தப் பச்சைக் கதிரையையே பார்த்துக்கொண்டிருந்தா. பிறகு என் காதுக்குள், "அண்டைக்கு எல்லாரும் என்னைப் பாத்துச் சிரிச்சியள்" என்றா. சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தா. அப்போதுதான் கவனித்தேன், அம்மா அந்த வெள்ளைச் சேலையைத்தான் கட்டியிருந்தா.

மிஸ்டர் பிரெண்டல் திரும்பி, மண்டபம் எவ்வளவு நிறைந்திருக்கிறது என்று பார்த்தார். கடைசி வரிசைவரை பார்த்தார். "எல்லோரும் வீடு போய்ச் சேருவார்கள்" என்று இங்கிலீஷில் சொன்னார், யாரிடம் என்று தெரியவில்லை.

பிறகு விளக்குகளை அணைத்தார்கள்.

அன்பு மருமகள்,
சுகிர்தா